சர்க்கரைக் கண்டக்டர்

1

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என் சமையலறை மேசைமேல் இப்போது ஒரு தபால்காரர் காய்ந்துகொண்டிருக்கிறார். உயரம் ஒரு சாண்கூட இல்லை. தொப்பி, தோள்பை, மூக்குக் கண்ணாடி எல்லாமே சர்க்கரை மாவு. வருகிற சனிக்கிழமை ஓய்வு பெறப்போகும் ஒரு நிஜத் தபால்காரருக்காக அவருடைய மகள் சொல்லி நான் செய்யும் கேக் இது. உடம்பும் தலையும் முடிந்துவிட்டன. கால் மட்டும் பாக்கி. கால் என்று வந்துவிட்டால் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு வருடமாக இப்படித்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. வீட்டிலேயே கேக் செய்து, அலங்கரித்து, சொன்ன நாளில் சொன்ன வீட்டில் கொண்டுபோய் வைப்பது என் தொழில். பாளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவியருக்காக ஒரு மலர் போடுகிறார்கள். “வெளிநாட்டுல நீ கேக் செய்யுத கதைய ஜாலியா நாலு பக்கம் எழுதித் தாட்டி, கலர்ல படம் போடுவோம்” என்று கூடப் படித்தவள் ஒருத்தி விடாமல் நச்சரித்தாள்.

ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். அந்த மலர் என் அப்பா வீட்டு விலாசத்துக்குத்தான் போகும். அப்பா கையில் அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் அட்டையிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை ஒரு எழுத்து விடமாட்டார். இதையும் படிப்பார். அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் எனக்கே பொய்யாகப் படுகிறது.

2

முதலில் தோழி கேட்ட கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வீட்டில் கேக் செய்து விற்க வேண்டுமென்றால் நகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு ஒருநாள் சுகாதாரத்துறை அம்மா ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். ஃபிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி, முட்டை எந்தத் தட்டில், பூனை வளர்க்கிறீர்களா, துண்டை எப்போது துவைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காகிதத்தில் டிக் போடுவார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை.

முதல்முறை வந்தபோது “எனி பெஸ்ட்ஸ்?” என்று கேட்டார். எனக்குப் ‘பேஸ்ட்’ என்று காதில் விழுந்தது. கேக்குக்கு நிறம் கொடுக்கும் பேஸ்ட் டப்பாக்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “நிறைய இருக்கு. சிவப்பு, பச்சை, நீலம். எல்லாம் அந்த அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெஸ்ட் என்றால் எலியும் கரப்பானும் என்று என் மகள் இனியா பள்ளியிலிருந்து வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு முறை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டுத் தட்டு நழுவிப் பாதத்தில் விழுந்துவிட்டது. டாக்டரிடம் ஃபோனில் “லெக்” என்று சொல்லி நேரம் வாங்கிவிட்டேன். அவர் என்னைப் படுக்கவைத்து முழங்காலை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். நமக்கு இடுப்புக்குக் கீழே மொத்தமும் கால்தான். செருப்புப் போடுவதும் கால், மடக்கி உட்காருவதும் கால். இவர்களுக்குக் கணுவுக்கு மேலே லெக், கீழே ஃபுட். இரண்டும் வேறு வேறு சாமான். தமிழ்க்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கதையை நான் நடித்துக்காட்டிச் சிரிக்கவைப்பேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எப்படித்தான் சமாளிக்கிறோமோ என்று முடிப்பேன்.

3

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளைக்கு வந்து திரும்பும் வண்டி. முப்பது வருடம் பின்படிக்கட்டில் நின்றே பிழைத்தார். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். “கண்டக்டர் உக்காந்தா வண்டி தூங்கிரும்” என்பார்.

போன வருடம் சித்திரையில் நகம் வெட்டும்போது வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலில் லேசாகக் காயம் பட்டிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இருபது வருடமாக உண்டு. காயம் ஆறவில்லை. விரல் கறுத்துப்போன பிறகுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார். தம்பி மாரி அவரைப் பாளையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். உள்ளே அப்பாவுக்குக் கட்டுப் போடும்போது, டாக்டர் வெளியே மாரியிடம் பேச வந்தார். மாரி என்ன செய்தான்? வெளிநாட்டில் ஒருத்தி இருக்கும் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தான். “எங்க அக்கா லண்டன்ல இருக்கா, அவகிட்டச் சொல்லிருங்க சார்” என்று ஃபோனைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டான். நான் இருப்பது லண்டனே இல்லை. ஊரில் அதெல்லாம் கணக்கில்லை.

அந்த நேரம் என் முன்னால் மூன்று அடுக்குக் கல்யாண கேக் நின்றது. கையில் கிரீம் பை. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். டாக்டர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். வலது ஃபுட்டில் இரண்டாவது டோவை எடுத்துவிட வேண்டும். இந்த வாரமே எடுத்தால் அதோடு போகும். இழுத்தடித்தால் சீழ் மேலே ஏறும், பிறகு எதுவரைக்கும் என்று சொல்ல முடியாது. நான் “யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்” என்றேன். அவர் எழுதித் தந்த காகிதமும் ஆங்கிலம்தான். கோழி கிளறிய கையெழுத்து. அக்காதான் பேசிவிட்டாளே என்று மாரி அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டான்.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததும் நான் அழைத்தேன். அம்மா, மாரி, அப்பா மூன்று பேரும் கேட்கும்படி ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். என் ஞாபகத்தில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

“அப்பா, கால எடுக்கணும்னு சொல்லுதாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. சீக்கிரம் எடுத்துட்டா ஒங்களுக்கு நல்லது.”

அப்பாதான் பேசினார்.

“நின்னு பொழச்சவன்ட்டி நான். ஒத்தக் காலோட கெடக்கதுக்கு ரெண்டு காலோட போயிருதேன். என் ஒடம்புல ஒருத்தரும் கத்தி வைக்க வேண்டாம்.”

அப்பா எதையும் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டித்தான் சொல்வார். அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். கேக்கைக் கொண்டுபோய் வைக்க நேரமாகிவிட்டது என்று ஃபோனை வைத்தேன்.

4

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. நம் வீடுகளில் கெட்டதை வாயால் சொல்லமாட்டோம் அல்லவா? “கால் விஷயம்” என்றார்கள். “அது” என்றார்கள். மாரி மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைத்து, “அக்கா, பேச்ச எடுத்தாலே எந்திச்சு வெளிய போயிருதாரு. நீ வந்தாத்தான் சரியா வரும்” என்பான். அம்மா ஃபோனில் மூக்கை உறிஞ்சுவாள். நான் கெஞ்சினேன், கத்தினேன். “எடுத்துட்டா சரியாயிரும்ப்பா, எத்தன பேரு எடுத்துட்டு நல்லா நடமாடுதாங்க” என்றுகூடச் சொன்னேன். அப்பா ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

ஒப்புக்கொண்ட கேக்குகளை முடித்து, டிக்கெட் போட்டு, இனியாவையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்புவதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்பாவின் பிறந்தநாள் மே மாதம். அதைச் சாக்காக வைத்து அவருடைய பஸ்ஸையே கேக்காகச் செய்து, பின்படிக்கட்டில் அவரைப் பொம்மையாக நிறுத்தி, மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சம்மதம் வாங்கிவிடுவது என்று திட்டம் போட்டேன். கேக்கை வைத்துக் காரியம் சாதிப்பது எனக்குப் பழக்கம்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கூர்மையான சின்னக் கத்திகள், கம்பி, உருளை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலம்.

“இது என்னம்மா?”

“கேக்குப் பொம்மைக்குப் போடுத பவுடர் சார். இத மாவுல கலந்தாத்தான் பொம்ம வெறைப்பா நிக்கும்.”

“பொம்மைக்கா? பிரிச்ச பொட்டலமா இருக்கே?”

“உபயோகிக்குத பொட்டலம் பிரிச்சுத்தான சார் இருக்கும்?”

எனக்கு இந்த வாய் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. சோதனைக்கு அனுப்புவோம், ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எடுத்து வைத்துவிட்டார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போனேன். இனியா என் கையைப் பிடித்து, “அம்மா, தயவுசெய்து அமைதியாக இருங்கள்” என்றாள். அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

இனியாவின் தமிழ் அப்படி. வீட்டில் என்னோடு ஆங்கிலம்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் புத்தகத்தைப் பார்த்துப் படித்ததை அப்படியே பேசுவாள். ஊருக்கு வந்தால் மனிதர்கள் பேசும் தமிழைப் பேசத் தெரியாமல் அச்சடித்ததைப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சல். என் பிள்ளை என் கையைவிட்டுப் போகிறாள் என்பதற்கு அதையே அடையாளமாக வைத்திருந்தேன்.

5

“வாட்டி லண்டன்காரி” என்றார் அப்பா. எழுந்து நிற்கவில்லை. யார் வந்தாலும் எழுந்து நிற்கிற மனிதர். கட்டுப் போட்ட கால் ஸ்டூல்மேல் இருந்தது. பக்கத்தில் போனால் ஒரு வாடை. அம்மா ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தாள்.

இனியா அவர் முன்னால் போய், “தாத்தா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “ஏ, இங்கன பாரு, எம்பேத்தி ரேடியோவுல செய்தி வாசிக்க மாதிரில்லா பேசுதா!” என்று அம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் வந்து கேட்டு ரசித்தார். இனியாவின் முகம் சிவந்துவிட்டது. உள்ளே வந்ததும் நான் வேறு, “சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களான்னு பேசினா என்ன?” என்று கடிந்தேன். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அறையில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் நான் பேச்சை எடுத்தேன். முதல்நாள் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். தம்பியின் ஹாக்கிக் கட்டையை ஊன்றிக்கொண்டு, நொண்டி நொண்டி, அந்த வெயிலில். இரண்டாம் நாள் காது கேட்காததுபோல் இருந்தார். மூன்றாம் நாள், “நீ இருந்து பாத்துக்கிடுவியா? பத்து நாள்ல பிளேன் ஏறிருவ. கெடையில கெடக்கவன ஒங்கம்மாதான பாக்கணும்?” என்றார். ஒரு விரலுக்கு யார் கிடையில் கிடக்கப்போகிறார்கள்? இவ்வளவு பயங்கொள்ளியா என் அப்பா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளுக்குள் பயம் அதைவிட அதிகம். காய்ச்சல் வேறு அவருக்கு விட்டுவிட்டு வந்தது.

6

பிறந்தநாளுக்கு முந்தின நாள் கேக் வேலையைத் தொடங்கினேன்.

பாளை வெயிலில் கிரீம் கேக் அலங்காரம் செய்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். லெஸ்டரில் வெண்ணெயைக் குழைக்க அடுப்புப் பக்கத்தில் வைக்கவேண்டும். ஊரில் பாத்திரத்தில் போட்டதும் நெய்யாகிறது. மாரியின் படுக்கையறையில் மட்டும் ஏ.சி. உண்டு. கட்டிலை ஒதுக்கி, அம்மாவின் தையல் மேசையைப் போட்டு, அதையே என் பட்டறையாக்கினேன். சின்ன அவனில் ஒவ்வொரு துண்டாகச் சுட்டு அடுக்கி, சாக்லேட் பூசி, மேலே சர்க்கரை மாவை மெல்லிசாக விரித்துப் போர்த்தினேன். சிவப்பு உடம்பு, மஞ்சள் பட்டை, ஜன்னல், டயர் எல்லாம் வந்தது. கதவிடுக்கு வழியாக அப்பா இரண்டு தடவை எட்டிப்பார்த்தார்.

“ஏட்டி, பின்படிக்கட்டுக் கம்பி அந்தப் பக்கம்லா இருக்கும்?”

“நீங்க பாக்கக் கூடாதுப்பா, போங்க.”

“சரி, கம்பிய மாத்து. எனக்குத் திங்கக் கூடாத பண்டத்த எனக்கே செய்யுதா, இவளும் ஒரு மக.”

ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கேலியைக் கேட்டதில் எனக்கு நம்பிக்கை வந்தது. கம்பியை மாற்றினேன்.

பொம்மைதான் படுத்தியது. பவுடர் இல்லாத மாவு கொழகொழவென்று இருந்தது. வழக்கமாக நான் பொம்மையின் காலுக்குள் வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியைச் செருகுவேன். குச்சி காலுக்கு எலும்பு மாதிரி. மாரியை வாங்கிவரச் சொன்னால் சேமியா வாங்கிக்கொண்டு வந்தான். “ரெண்டும் ஒண்ணுதானக்கா?” என்றான். சேமியா தொட்டதும் ஒடிந்தது. சரியென்று புதுத் துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கழுவிச் சீவினேன். அம்மா ஓடி வந்துவிட்டாள்.

“ஏளா, ஒனக்குக் கூறு இருக்கா? வாரியக் குச்சியவா ஒங்கப்பா காலுல குத்தப் போற? அதுவும் இந்த நேரத்துல?”

“பொம்மைம்மா இது.”

“பொம்மைன்னாலும் அவுக மொகத்தல்லா வச்சிருக்க?”

முகம் நன்றாகத்தான் வந்திருந்தது. நரைத்த மீசை, காதில் பேனா, தோளில் தோல்பை, விரலிடுக்கில் மடித்த நோட்டு. எனக்கே பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது. அம்மாவுக்காகக் குச்சியை எறிந்துவிட்டு, மாவையே தடிப்பாக உருட்டிக் காலாக்கி, படிக்கட்டில் ஒட்டினேன்.

7

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.

ஏ.சி. நின்ற அரை மணி நேரத்தில் பஸ்ஸுக்கு வியர்த்துவிட்டது. விசிறியால் வீசினேன். இனியாவையும் வீசச் சொன்னேன். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள், கூடத்தில் பேச்சுச் சத்தம். பொம்மையின் வலது கால் மெல்ல மடங்கியது. நான் கையை நீட்டுவதற்குள் முழங்காலோடு கழன்று தட்டில் விழுந்தது.

சரியாக அந்த நேரம் கதவைத் திறந்தவள் அம்மா. தட்டில் கிடந்த காலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “போச்சே, சொல்லாமச் சொல்லுதே” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா, இப்பம் ஒட்டிருவேன், சத்தம் போடாத.” சகுனம் பார்க்கிறவள் இல்லை நான். ஆனாலும் அந்தக் குட்டிக் கால் செருப்போடு தனியாகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கும் ஏதோ செய்தது. இளகிப்போன இடத்தைச் சீவிவிட்டு வேறு கால் வைக்கலாம் என்று கத்தியை எடுத்துப் பொம்மையின் தொடையில் வைத்தேன்.

வந்த நாளிலிருந்து பேசாத இனியா அப்போது பேசினாள். எங்கள் பதற்றம் அவளுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. சிரிக்கவைக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

“அம்மா, தாத்தாவுக்குக் கால்விரலைத்தானே எடுக்கப் போகிறார்கள்? நீங்கள் ஏன் முழுக் காலையும் எடுக்கிறீர்கள்?”

“வாய மூடு” என்று நான் திரும்பினேன். அம்மாவுக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி, கையில் ஹாக்கிக் கட்டை.

“பாப்பா. இப்பம் என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.”

இனியா பயந்து என்னைப் பார்த்தாள். மறுபடி பாடப்புத்தகம் என்று சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. “கால்விரல், தாத்தா” என்றாள். பிறகு குனிந்து தன் காலில் விரலைத் தொட்டுக் காட்டினாள். “இது. இதன் பெயர் கால்விரல்தானே?”

அவளிடம் நான் லெஸ்டரிலேயே ஆங்கிலத்தில் ‘டோ’ என்று சொல்லியிருந்தேன். அவள் தமிழ்ப் பள்ளியில் உடல் உறுப்புகள் பாடத்தில் படித்தபடி அதைத் தமிழாக்கிவிட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“ஏட்டி. நீ காலுன்னுல்லா சொன்னே?”

“காலுன்னுதான்… நான் காலுன்னது…”

“காலுன்னா காலுல்லா?” என்றாள் அம்மா. அழுகை நின்றுவிட்டது. மாரி கூடத்திலிருந்து வந்து எட்டிப்பார்த்தான். “முட்டிக்குக் கீழ எடுப்பாங்கன்னுதானக்கா நானும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.”

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கட்டை கீழே விழுந்தது. “விரலா” என்றார். “விரலுக்கா? மூணு வாரமா இந்த முட்டியத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்ட்டி. இனி படிக்கட்டுல ஏற மாட்டமேன்னு.” அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தம் போட்டார்.

“ஏலே மாரி, வண்டிய எடுலே.”

“கேக் வெட்டிட்டுப் போலாம்” என்றாள் அம்மா.

“கேக்கு எங்க ஓடிருமா? அது பஸ்ஸுல்லா, கண்டக்டர் நானில்லாம எப்படிக் கெளம்பும்?”

8

அதே டாக்டர்தான். கட்டைப் பிரித்துப் பார்த்தவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மாரி வண்டியை நிறுத்தப் போயிருந்தான். அம்மா உள்ளே அப்பாவோடு இருந்தாள்.

“மூணு வாரத்துக்கு முன்னால ஃபோன்ல ஒங்ககிட்டதான பேசினேன்? ஒரு விரல்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“இப்ப மூணு போகும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பாதமே. படிச்சவங்க, வெளிநாட்டுல இருக்கீங்க, நீங்களே இப்படி விட்டா எப்படி?”

என் அப்பா பயங்கொள்ளி, சொன்னால் கேட்கமாட்டார் என்று மூன்று வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வலது பாதம், மூன்று விரல்கள் என்று அதில் எழுதியிருந்தது. இந்தமுறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

உள்ளே போய், “மூணு விரலாம்ப்பா” என்றேன். முதலில் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “கால் தப்பிச்சுதுல்லா, போட்டும்” என்றார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்னார்: “பத்து பேரு ஏறுனாங்க வே. மூணு பேரு நடுவுல எறங்கிட்டாங்க. மிச்சம் ஏழு பேரு கடைசி ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்காங்க.” வார்டு முழுக்கச் சிரிப்பு. நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போவதுபோல் வெளியே போய், மாடிப்படிக்கு அடியில் நின்று அழுதேன்.

9

அப்பா இப்போது தனியாகச் செய்த செருப்புப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்து போகிறார். பஸ்ஸைச் சொந்தக்காரர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். ஒற்றைக்கால் பொம்மையை மட்டும் அம்மா எறும்பு ஏறாமல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அதை எடுத்துக் காட்டுவார் என்று மாரி சொல்கிறான்.

இனியா இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளாகவே தாத்தாவை அழைக்கிறாள். “என்ன தாத்தா செய்யுதீங்க?” என்கிறாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவரோ, “நான் நலமாக இருக்கிறேன், தாங்கள் நலமா?” என்று அவளைப்போலப் பேசுகிறார். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு ஃபோன் என் கைக்கு வரும். பக்கத்தில் யாராவது இருந்தால் போதும், அப்பா ஆரம்பித்துவிடுவார். “எம்மவ லண்டன்லருந்து பறந்து வந்து, கேக்குல என்னயே செஞ்சு காமிச்சுல்லா என் காலக் காப்பாத்துனா. இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல வே.” ஒவ்வொரு ஞாயிறும் இதைக் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் “சரிப்பா, உடம்பப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் அவருக்கு மறுபடி பிறந்தநாள். தபால்காரருக்கு இன்று கால் வைத்தாக வேண்டும். ஸ்பகெட்டிக் குச்சி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

அப்பா, நீங்க இதச் சத்தமாத்தான் படிப்பீங்க, அம்மாவும் பக்கத்துல இருப்பா. இந்த எடத்த மட்டும் கொஞ்சம் பைய படிங்க. டாக்டர் அன்னைக்கு எங்கிட்டச் சொன்னது ஒத்த விரல். பெருவிரலுக்கு அடுத்த விரல், அது ஒண்ணு மட்டும். காலுன்னு சொன்னது நான். மத்த ரெண்டு விரலும் என் வாயாலதான் போச்சு. நீங்க பயந்து நின்னதால இல்ல.

ஞாயித்துக்கெழம எப்பவும் போல ஃபோன் போடுதேன். எடுங்கப்பா.